இரண்டு உத்திரம் வந்த பங்குனி

நான் சொல்லப்போவது துன்முகி வருஷத்துப் பங்குனியில் நடந்தது. ஆங்கிலக் கணக்கில் 1957. இரண்டாவது பொதுத்தேர்தல் அப்போதுதான் முடிந்திருந்தது. எங்கள் ஊரான சங்கரன்கோவில் சுவர்களில் எழுதிய சின்னங்கள் வெயிலில் இன்னும் வெளுக்கவில்லை. நாள், கிழமை, நட்சத்திரம் மறக்காத பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. ஆனால் இந்த நாளை நினைவில் வைத்துக்கொள்ள அந்தப் பழக்கம் தேவைப்படவில்லை.

எங்கள் ஜில்லாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று எந்த ஊரில் இருந்தாலும் வண்டி கட்டிக்கொண்டு அவரவர் சாஸ்தாவைத் தேடிப் போய்விடுவார்கள். எங்கள் சாஸ்தா இருப்பது புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு குளத்தங்கரையில். கோயில் என்று சொன்னால் கோபுரத்தை நினைத்துவிடக் கூடாது. பெரிய மருதமரம் ஒன்று, அதன் கீழே ஒரு பீடம், நாலைந்து கல் விக்கிரகங்கள். அவ்வளவுதான். கூரை கிடையாது, சத்திரம் கிடையாது, கிணறு கிடையாது. குடிக்கவும் குளிக்கவும் குளத்துத் தண்ணீர், மறைவுக்கு உடைமரப் புதர், தங்குவதற்கு நாம் கொண்டுபோகிற கூடாரம். திருநாள் அன்று மட்டும் அந்தப் பொட்டல் ஊராகிவிடும். கூடாரங்களும் வண்டிகளும் வரிசை கட்டி நிற்கும், பூசாரி இருப்பார், முடி எடுப்பவர் இருப்பார், பொரிகடலைக் கடை இருக்கும்.

அந்த வருஷம் என் மகளுக்கு அங்கே முடி எடுப்பதாக இருந்தது. அவள் அப்போது கைக்குழந்தை. அப்பா காலமான பிறகு நாங்களாகப் போகும் முதல் பயணம். என் அண்ணன்தான் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறித்தார்.

நட்சத்திரங்கள் இருபத்தேழு, பங்குனிக்கு நாள் முப்பது. ஆகவே உத்திரம் மாத ஆரம்பத்தில் வந்தால் மாதக் கடைசியில் இன்னொரு தடவையும் தலைகாட்டும். அந்தப் பங்குனியில் அப்படித்தான் வந்தது. மூன்றாம் தேதி சனிக்கிழமை ஒன்று, முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை மற்றொன்று. முதலாவதோடுதான் பௌர்ணமி கூடியிருந்தது, சாஸ்தாவுக்கு உகந்த சனிக்கிழமையும் சேர்ந்திருந்தது. பிறகென்ன யோசனை என்றார் அண்ணன். நானும் பார்த்தேன், கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மதினி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணனின் மனைவி. பிறந்த ஊர் பனவடலிசத்திரம். வாய்த்துடுக்கு அதிகம், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. அவர்கள் ஊரில் இதே சாஸ்தாவைக் கும்பிடும் குடும்பம் ஒன்று உண்டாம். இரண்டு உத்திரம் வந்தால் பிந்தியதுதான் திருநாள் என்று அவர்கள் சொல்வார்களாம். "எனக்கு நட்சத்திரமும் தெரியாது, பௌர்ணமியும் தெரியாது. கூட்டம் எப்பப் போகுதோ அப்பப் போறதுதான் திருநா" என்றார். அண்ணன் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார். "அதை உங்க சாஸ்தாட்டயே காட்டுங்க" என்று சொல்லிவிட்டு மதினி உள்ளே போய்விட்டார்.

கூடாரத்துக்கும் ஏச்சு விழுந்தது. அண்ணனுக்குத் தெரிந்தவர் ஒருவர் டூரிங் டாக்கீஸில் வேலை பார்த்தார். கொட்டகையின் பக்கவாட்டில் கட்டிக் கழித்த பழைய படுதா ஒன்றை அவரிடமிருந்து வாங்கி வந்தார். நல்ல கனமான கித்தான். ஒட்டுப் போடாத இடம் கொஞ்சம்தான். பீடிப் புகை நாற்றம் அதைவிட்டுப் போகவே இல்லை. அதை வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. "சாமி கும்பிடப் போறமா, சினிமாக் காட்டப் போறமா?" என்று மதினி கேட்டதற்கு வண்டிக்காரர் சிரித்த சிரிப்பில் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

பங்குனி இரண்டாம் தேதி விடியற்காலையில் கிளம்பினோம். அண்ணன், மதினி, நான், என் மனைவி, குழந்தை, வண்டிக்காரர். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே மொட்டை போட வேண்டும்? கடையநல்லூரில் இருந்த என் மைத்துனர், திருநாளன்று நேராகக் குளத்தங்கரைக்கே வந்துவிடுகிறேன் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். குளத்தங்கரையில் ஒரு ஈ, காக்கை இல்லை. பீடத்தின் மேல் சருகு குவிந்து கிடந்தது. குளத்துத் தண்ணீர் வற்றி நடுவுக்குப் போயிருந்தது, ஓரமெல்லாம் சேறு. அதற்கு அப்பால் மலை அசையாமல் நின்றது. "நாமதான் முந்தி வந்துருக்கோம். விடிஞ்சாக் கூட்டம் வந்துரும்" என்றார் அண்ணன். மதினி பீடத்துச் சருகைத் தள்ளத் தொடங்கினார். அவர் ஏசாமல் வேலை பார்த்ததுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

மரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, மூங்கில் ஊன்றி, முளை அடித்து, படுதாவைக் கட்டினோம். அதற்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளத்தை விரித்துப் படுத்தோம். ஒன்றும் சொல்லக் கூடாது, நல்ல தூக்கம்.

விடிந்தது. வெயிலும் ஏறியது. கூட்டம் வரவில்லை. பூசாரி வரவில்லை, முடி எடுப்பவர் வரவில்லை, என் மைத்துனரும் வரவில்லை. கடைசியில் அண்ணன் வண்டிக்காரரிடம், பக்கத்து ஊருக்குப் போய்ப் பூசாரியைக் கையோடு கூட்டி வரும்படி சொல்லி அனுப்பினார். வண்டி போனது. உத்திரத்தன்று சாமிக்கு ஒரு பொங்கலாவது வைக்காமல் இருக்கக் கூடாது என்று மதினிதான் சொன்னார். கோபம் எங்கள் மேல்தான், சாமி மேல் இல்லை.

பீடத்துக்கு முன்னால் மரத்தடியில் மூன்று கல் கிடந்தது. வருஷா வருஷம் பொங்கல் வைத்துக் கரியேறிய கல். அதிலேயே பானையை ஏற்றினோம். கொஞ்சம் தள்ளித் தாழ்ந்து நீண்டிருந்த கிளையில் குழந்தைக்குச் சேலையால் தொட்டில் கட்டினோம். காற்றில் நன்றாக ஆடட்டும் என்று அண்ணன் கால்விரலில் எக்கி நின்று, முடிச்சை உயரத்தில் போட்டார். மரத்தின் உச்சியில், மலையைப் பார்த்த பக்கம், கறுப்பாக என்னவோ தொங்கிக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லோருமே பார்த்தோம். வௌவால் என்று நினைத்தோம்.

கொண்டுபோன விறகு போதவில்லை. அண்ணன் பச்சைச் சுள்ளிகளை ஒடித்துப் போட்டார். புகை சுருண்டு சுருண்டு மரத்துக்குள் ஏறியது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனேன். என் மனைவி ஈரச் சேலையை மாற்றக் கூடாரத்துக்குள் போயிருந்தாள்.

திரும்பி வரும்போது முதலில் சத்தத்தைத்தான் கேட்டேன். தூரத்தில் லாரி ஏற்றத்தில் திணறுவது போல ஓர் இரைச்சல். நிமிர்ந்து பார்த்தால், உச்சிக் கிளைகளில் தொங்கிய கறுப்பு அப்படியே அவிழ்ந்து கொட்டிக்கொண்டிருந்தது. மலைத்தேனீ. அண்ணன் துண்டால் தலையை மூடிக்கொண்டு குளத்துப் பக்கம் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் துரத்தி வந்தது. என்னைத் தாண்டி ஓடிப் போய்ச் சேற்றில் விழுந்து புரண்டார்.

நான் தொட்டிலைத் தேடினேன். மதினி அடுப்படியிலிருந்து அதை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். கூடார வாசலில் என் மனைவியின் கை வெளியே தெரிந்தது. மதினி ஓடிக்கொண்டே கத்தினார். "ஏட்டி, வெளிய வராத. பிள்ளை என் கையில இருக்கு. படுதாவை இழுத்து மூடு."

பிள்ளை அப்போது அவர் கையில் இல்லை. அவர் தொட்டிலைத் தொடவே இன்னும் பத்தடி இருந்தது. ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் என் மனைவி உள்ளேயே இருந்தாள். வெளியே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

தொட்டில் முடிச்சு மதினிக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் அவிழ்க்க நேரமில்லை. பிள்ளையை வெளியே எடுத்தால் அதன் மேல் தேனீ விழும். அவர் தொட்டிலின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து முறுக்கினார். பை போல வாய் மூடிக்கொண்டது. முந்தானையை அவிழ்த்து அதற்கு மேல் சுற்றினார். அப்புறம் இரண்டு கையாலும் அந்த மூட்டையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். ஓடவில்லை, கையை உதறவில்லை. முகத்தைத் துணிக்குள் புதைத்துக்கொண்டு நின்றார். அவர் கை, கழுத்து, முதுகு எல்லாம் தேனீ.

குடத்துத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன். எனக்கும் கொட்டியது. அது வலித்ததாக இப்போது நினைவில்லை. கிட்டப் போனதும் மதினி தலையைத் தூக்காமலே, தணிந்த குரலில் சொன்னார். "கொழுந்தனாரே, கத்தாதீரும். அருவா விறகுக்குப் பக்கத்துல கெடக்கு. தொட்டிலை அறும்."

அரிவாளை எடுத்து வந்து தொட்டில் சேலையை முடிச்சுக்குக் கீழே அறுத்தேன். மூட்டை அவர் கையில் இறங்கியது. மூன்று பேரும் சேர்ந்தாற்போலக் கூடாரத்துக்கு ஓடினோம். என் மனைவி ஓரத்தைத் தூக்கினாள், உள்ளே புகுந்தோம், திரும்ப மூடி விளிம்பின் மேல் அரிசி மூட்டையை வைத்தோம். கூடவே வந்த தேனீக்களை ஜமுக்காளத்தால் அடித்துக் கொன்றோம்.

மூட்டையைப் பிரிக்க என் மனைவிக்குக் கை வரவில்லை. நான்தான் பிரித்தேன். குழந்தை வேர்த்து நனைந்து, கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு எங்களைப் பார்த்தது. துணி மடிப்பில் நசுங்கிய தேனீ ஒன்று கிடந்தது. குழந்தை மேல் ஒரு கொட்டு இல்லை. அதைப் பார்த்துவிட்டு மதினி கால் மடிந்து உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார்.

இனி உயிர்ப் போராட்டம் அவருக்கு. கை இரண்டும் உலக்கை போல வீங்கின. கண் மூடிக்கொண்டது, உதடு தடித்தது. நான் நகத்தால் கொடுக்குகளைச் சுரண்டி எடுத்துக்கொண்டே இருந்தேன், முடியவில்லை. என் மனைவி வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவினாள். மதினிக்கு மூச்சு சீழ்க்கை போல வர ஆரம்பித்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெளியே பொங்கல் தீய்ந்து நாறியது. புகை இன்னும் ஏறிக்கொண்டிருந்ததால் இரைச்சலும் ஓயவில்லை. கித்தான் மேல் தேனீக்கள் வந்து மோதுவது மழைத்துளி விழுவது போலக் கேட்டது. வேறு வருஷமாக இருந்தால் கூப்பிடு தூரத்தில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அன்று எங்களுக்கு ஒருவரும் இல்லை.

அப்போது தூரத்தில் வண்டி மாட்டுச் சலங்கை கேட்டது. வண்டிக்காரர் திரும்பி வந்துகொண்டிருந்தார். குளத்தங்கரையின் மறுகோடியிலேயே நிலைமையைக் கண்டு வண்டியை நிறுத்திவிட்டார். மாட்டைக் கிட்டே கொண்டுவந்தால் மாடும் போய்விடும், வண்டியும் போய்விடும். நாங்கள்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். எப்படிப் போவது?

வெளியிலிருந்து அண்ணன் குரல் கேட்டது. குளத்துச் சேற்றைத் தலையிலிருந்து கால்வரை அப்பிக்கொண்டு கூடாரத்துப் பக்கம் வந்திருந்தார். "முளையைப் பூராம் பிடுங்கிட்டேன். மூங்கிலைச் சாச்சிட்டுப் படுதாவைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு அப்பிடியே நடங்க. நான் வழி சொல்லுதேன்" என்றார்.

மதினியை ஜமுக்காளத்தில் கிடத்தி, அதன் முன்முனைகளை நான் தோளில் மாட்டிக்கொண்டேன். பின்முனைகளை என் மனைவி பிடித்தாள். குழந்தையை அவள் மாரோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். படுதா எங்கள் தலைமேல் கிடந்தது. அதன் நாலு பக்கமும் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரே இருட்டு, வெக்கை, பீடி நாற்றம். வெளியே அண்ணன் சேற்றுப் பிள்ளையார் மாதிரி முன்னால் நடந்தபடி, "வலப்பக்கம் கல்லு கெடக்கு... நேரா வாங்க... பள்ளம், மெள்ள" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவரையும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. நடுநடுவே குரல் உடைந்து நின்று மறுபடி வந்தது. ஒரு கூடாரம் தானே எழுந்து குளத்தங்கரையில் நடந்து போனதைப் பார்த்த ஒரே ஆள் வண்டிக்காரர்தான். பிற்பாடு அவர் அதைச் சொல்லாத ஊர் கிடையாது.

வண்டியில் ஏற்றியதும் மாடுகளை விரட்டினோம். ஆனால் மாடு எவ்வளவு வேகமாகப் போய்விடும்? ரஸ்தாவை எட்டியபோது எலுமிச்சைத் தோட்டம் ஒன்றின் வாசலில் லாரி நின்றது. புளியங்குடிச் சந்தைக்குப் போகப் பழமூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் நின்றார். கடையநல்லூர்க்காரர், தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் என்று பின்னால் தெரிந்துகொண்டோம். நாங்கள் யார், எந்த ஊர் என்று ஒன்றும் கேட்கவில்லை. மதினியின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். ஏற்றிய மூட்டைகளில் பாதியை இறக்கச் சொன்னார். வேலையாள் ஒருவர் சந்தைக்கு நேரமாகிவிடும் என்று முனகினார். "பழம் நாளைக்கும் பழந்தான். நீ எறக்குலே" என்றார் அவர். பிறகு அண்ணனைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க முன்னால ஏறுங்க. அல்லா இருக்கான்" என்றார்.

புளியங்குடியில் ஒரு டாக்டர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் போட்டார். இன்னும் பிந்தியிருந்தால் தொண்டை அடைத்திருக்கும் என்று மட்டும் சொன்னார். கம்பவுண்டர் இடுக்கியால் கொடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வாசல் படியில் அண்ணன் சேறு காய்ந்து உதிர உதிர உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே வண்டியை ஓட்டி வந்து சேர்ந்த வண்டிக்காரர் அப்போதுதான், பூசாரி சொல்லி அனுப்பியதை எங்களிடம் சொன்னார். பிந்திய உத்திரம்தான் திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்னால் மலைமேல் இருக்கிற பளியர்கள் இறங்கி வந்து தேனை எடுத்து, மரத்தைச் சுத்தம் செய்வார்கள். அதுவரை அந்த மரத்தடியில் யாரும் அடுப்பு மூட்டுவது கிடையாதாம். அண்ணன் கேட்டுவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

விளக்கேற்றும் நேரத்தில் மதினிக்கு மூச்சு சீரானது. அந்தச் சீழ்க்கைச் சத்தம் நின்றதும் அறைக்குள் ஏற்பட்ட அமைதி இருக்கிறதே, அதைப் போல ஓர் அமைதியை நான் எந்தக் கோயிலிலும் உணர்ந்ததில்லை. என் மனைவி குழந்தையை அவர் பக்கத்தில் கிடத்தினாள். மதினி ஒரு கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்து குழந்தையைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தார். தடித்த உதட்டை மெதுவாக அசைத்தார். என்ன வேண்டும் என்று எல்லோரும் குனிந்தோம்.

"பிந்துன உத்திரம்னு நான் அன்னைக்கே சொன்னம்லா" என்றார்.

அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

முதல் உத்திரத்துக்கும் இரண்டாவது உத்திரத்துக்கும் நடுவில்தான் நாட்டில் நயா பைசா வந்தது. ஊரெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. எங்கள் வீட்டில் மட்டும் மதினியின் கைவீக்கம் வடிந்ததா என்பதே பேச்சு. வடிந்தது. பங்குனி முப்பதாம் தேதி மறுபடியும் அதே குளத்தங்கரைக்குப் போனோம், அதே படுதாவுடன். இந்தத் தடவை அதை வண்டியில் ஏற்ற மதினியே ஒரு கை பிடித்தார். ஒன்றும் ஏசவில்லை. அங்கே வண்டிகளும் கூடாரங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மரத்தின் உச்சி வெறுமையாக இருந்தது. என் மைத்துனர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். திருநாள் என்று அவர் சொன்னது எப்போதுமே இந்த நாளைத்தான்.

முடி எடுக்கும்போது குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். என் மனைவி குழந்தையைக் கொண்டுபோய் மதினி மடியில் வைத்துவிட்டாள். மைத்துனர் ஒரு கணம் பார்த்தார். பிறகு, "என் மடிக்கு வந்த பிள்ளையைப் பறிச்சிட்டியளே அக்கா" என்று சிரித்துக்கொண்டே ஒதுங்கி இடம் விட்டார். மதினி குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டார். அவர் கைகளில் தழும்புகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

பூசாரி எல்லோருக்கும் அந்த மரத்துத் தேனைப் பிரசாதமாகக் கையில் ஊற்றினார். மதினி கையை எடுக்கவே இல்லை. "எனக்கு இன்னொரு கரண்டி ஊத்தும் சாமி. அதுக எனக்குக் கொஞ்சம் பாக்கி வச்சிருக்கு" என்றார்.

அந்தக் குழந்தை இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டும்போது முடிச்சு தன் கைக்கு எட்டுகிறதா என்று ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் படுக்க வைப்பாள். புதுப் பஞ்சாங்கம் வந்தால் நான் முதலில் புரட்டுவது பங்குனி மாதத்தைத்தான். இரண்டு உத்திரம் வந்திருந்து, எது சரி என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் கணக்குப் பார்ப்பதில்லை. மதினியைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம், மரத்தடியில் அசையாமல் நின்ற அந்த இரண்டு கைகளும் என் கண்முன் வந்து, என் வீட்டில் இன்று இருக்கிற எல்லாமே அந்தக் கைகள் பிடித்துக் கொடுத்ததுதான் என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போகின்றன.